காசல்ரீ குடாவில் இரவு படகை நிறுத்தலாமா? முதலில் தண்ணீர் இறங்குவதைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: "காசல்ரீ நீர்த்தேக்கத்தில் எல்லாரும் படகு நிறுத்துகிற ஒரு குடா இருக்கிறது. மூன்று பக்கமும் தேயிலை மலை, காற்றே அடிக்காது. நண்பர்கள் நான்கு பேர் ஒரு பைபர் படகில் நங்கூரம் போட்டு ஓர் இரவு தங்கலாமா? எதைக் கவனிக்க வேண்டும்?"

அனுமதி கிடைத்தால் தங்கலாம். அனுமதி பற்றிப் பிறகு சொல்கிறேன். "காற்றே அடிக்காது" என்பதை மட்டும் நம்பி இடம் பிடிக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் பிறந்தது இலங்கை மலையகத்தில், நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். என் மாமா இந்த டேமில் பல வருடம் வலை போட்டவர். சின்ன வயதிலிருந்தே அவரோடு படகில் போய்ப் பழகியவன் நான்.

ஒரு மாசி மாதம் நானும் இரண்டு கூட்டாளிகளும் அப்படிப்பட்ட ஒரு குடாவின் உள்மூலையில்தான் படகை நிறுத்தினோம். ஓடை வந்து விழும் இடம், தண்ணீர் முழங்காலளவு. நங்கூரம் போட்ட கையோடு அது பிடித்துக்கொண்டது, படகு அசையவே இல்லை. நிம்மதியாகத் தூங்கினோம். விடியற்காலையில் படகு ஒரு பக்கம் சாய்ந்து சேற்றில் உட்கார்ந்திருந்தது. தண்ணீர் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளிப் போயிருந்தது. இறங்கித் தள்ளலாம் என்று கால் வைத்த கூட்டாளி தொடை வரைக்கும் புதைந்தான். அவனை இழுத்து மேலே போடுவதற்குள் எங்களுக்கு உயிர் போய் உயிர் வந்தது. மாமா வேறொரு படகில் வந்து கயிறு கொடுத்து இழுத்த பிறகுதான் வெளியே வந்தோம். அன்றைக்கு அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டேய் தம்பி, கடல்ல எறங்குன தண்ணி திரும்பி ஏறும். டேமுல எறங்குனா மழ பெஞ்சாத்தான் ஏறும்."

அந்த இரவு என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். காசல்ரீ, கெசல்கமு ஓயா என்ற ஆற்றை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கம். இங்கிருந்து தண்ணீர் சுரங்கம் வழியாக நோர்ட்டன் பிரிட்ஜ் பக்கம் உள்ள விமலசுரேந்திர மின் நிலையத்துக்குப் போகிறது. 1965 இல் ஓடத் தொடங்கிய 50 மெகாவாட் நிலையம் அது. நாட்டில் மின்சாரம் அதிகம் தேவைப்படும் நேரம் மாலை 6.30 இலிருந்து இரவு 10.30 வரை. நீங்கள் நங்கூரம் போட்டுவிட்டுச் சோறு ஆக்குகிற அதே நேரத்தில்தான் ஊரெல்லாம் விளக்குப் போடுகிறது, சுரங்கம் தண்ணீரை இழுக்கிறது. மழை இல்லாத மாசி, பங்குனியில் ஓடைகளிலிருந்து பெரிதாக ஒன்றும் வந்து சேராது. ஓர் இரவில் நீர்மட்டம் ஒரு சாண் இறங்கி நான் பார்த்திருக்கிறேன். நடு டேமில் ஒரு சாண் கண்ணுக்கே தெரியாது. குடாவின் உள்மூலையில் தரை தட்டையாக, வண்டல் சேறாக இருப்பதால், அதே ஒரு சாண் கரையைப் பத்தடி பின்னுக்குத் தள்ளிவிடும்.

திருகோணமலையில் படகு ஓட்டிய ஒருவர் உங்களோடு வந்தால் இதை அவருக்கும் சொல்லுங்கள். இலங்கையைச் சுற்றிக் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டருக்கும் குறைவுதான், அதுவும் சில மணி நேரத்தில் திரும்பி ஏறிவிடும். தரை தட்டினால் காத்திருக்கலாம் என்ற கடல் பழக்கம் இங்கே உதவாது.

அதனால் உள்மூலையை விட்டுவிட்டு, குடாவின் நடுவிலோ வாய்ப் பக்கமாகவோ குறைந்தது நான்கு மீட்டர் ஆழம் உள்ள இடத்தைத் தேடுங்கள். கயிற்றில் ஒரு கல்லைக் கட்டி இறக்கினாலே ஆழம் தெரிந்துவிடும். ஓரிடத்தில் மட்டும் பார்த்தால் போதாது, படகு சுற்றி வரக்கூடிய வட்டம் முழுக்க அளந்து பாருங்கள். நங்கூரக் கயிறு ஆழத்தைப் போல ஐந்து முதல் ஏழு மடங்கு நீளம் வேண்டும். நான்கு மீட்டர் ஆழமென்றால் 25 மீட்டராவது விட வேண்டும். கயிறு நீளமாக இருந்தால்தான் நங்கூரத்தைப் படுக்கைவாட்டில் இழுக்கும், கொக்கி தரைக்குள் இறங்கும். குட்டையாக இருந்தால் மேலே தூக்கிப் பிடுங்கிவிடும். நங்கூரத்தை ஒட்டி இரண்டு மூன்று மீட்டர் சங்கிலி இருந்தால் இன்னும் நல்லது. நெரிசலான உள்மூலையில் இவ்வளவு கயிறு விட இடமே கிடையாது. எல்லாரும் கயிற்றைக் குறுக்கித்தான் கட்டுகிறார்கள். காற்றில்லாத வரைக்கும் அது ஓடும்.

ஆனால் காற்று வரும். பகலில் அந்தக் குடாவில் இலை அசையாதுதான். இரவு வானம் தெளிவாக இருந்தால் மலையுச்சி முதலில் குளிர்ந்து, அந்தக் குளிர்ந்த காற்று கனத்து, ஓடை வழியே கீழே இறங்கும். இரண்டு மூன்று மணிக்குத் திடீரென்று முகத்தில் அடிக்கும். அது வருவது கரைப் பக்கமிருந்து. நீங்கள் மாலையில் பார்த்த திசைக்கு நேர் எதிராகப் படகு திரும்பும். பக்கத்துப் படகு குட்டைக் கயிற்றிலும் நீங்கள் நீளக் கயிற்றிலும் இருந்தால், இரண்டும் ஒரே மாதிரிச் சுற்றாமல் மோதிக்கொள்ளும். முன்னால் வந்து நிறுத்தியவரிடம் எத்தனை மீட்டர் விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு அதற்கேற்ப இடம் எடுங்கள். அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டால் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள்.

சரிவான கரையோரமென்றால் இன்னொரு சங்கதி. நங்கூரம் மேட்டுப் பக்கமும் படகு ஆழத்துப் பக்கமும் இருந்தால் நங்கூரத்தைச் சரிவின் கீழ்நோக்கி இழுப்பீர்கள், சுலபமாக வழுக்கிக்கொண்டு வந்துவிடும். வழுக்கியது ஆழத்துக்குள் போய்த் தொங்கும், பிறகு படகு எங்கே வேண்டுமானாலும் போகும். தட்டையான அடியைத் தேடச் சொல்வது அதனால்தான்.

அப்புறம், அடியில் இருப்பது மணல் இல்லை. அது ஒரு காலத்துத் தேயிலை மலை. மரக்கட்டைகள், தேயிலைத் தூர்கள், கல் வரிசைகள் எல்லாம் அப்படியே கிடக்கின்றன. பக்கத்து மவுசாகலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் நன்றாக வற்றும் வருடங்களில், அதில் மூழ்கிய பழைய மஸ்கெலியா ஊரின் கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரிகின்றனவே, அதைப் பார்க்க எங்கள் வீட்டுப் பெரியவர்கள் கூட்டமாகப் போவார்கள். "இந்த இடத்துலதான் கடவீதி" என்று காட்டும்போது அவர்களுக்குக் குரல் மாறிவிடும். நீங்கள் நங்கூரம் இறக்கும் அடித்தரை அப்படிப்பட்டது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை வளைத்துப் பட்டறையில் செய்த நாலு கொக்கி நங்கூரம் தூரில் மாட்டினால் இழுத்து எடுக்கவே முடியாது. நான் ஒரு தடவை கயிற்றை வெட்டிவிட்டு வந்திருக்கிறேன். இதற்கு வழி சுலபம்: நங்கூரத்தில் கொக்கிகள் ஒன்றுசேரும் முனையில் ஒரு மெல்லிய கயிறு கட்டி, அதன் மறுமுனையில் வெறும் பிளாஸ்டிக் கேனை மிதக்கவிடுங்கள். மாட்டிக்கொண்டால் அந்தக் கயிற்றை இழுத்தால் கொக்கி பின்பக்கமாகக் கழன்று வரும். நங்கூரம் எங்கே கிடக்கிறது என்று அடுத்தவருக்கும் தெரியும்.

நங்கூரத்தை எப்போதும் படகின் முன்பக்கத்தில்தான் கட்ட வேண்டும். பின்பக்கம் ஏற்கனவே இயந்திரத்தின் பாரத்தில் தாழ்ந்திருக்கும். அங்கே கட்டினால் ஒரு நல்ல அலைக்கே தண்ணீர் உள்ளே ஏறும்.

போட்ட பிறகு பின்னோக்கிக் கொஞ்சம் இழுத்து, பிடித்துவிட்டதா என்று பாருங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள், கரையில் ஒரே கோட்டில் வரும் இரண்டு அடையாளங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தேயிலைத் தொழிற்சாலையின் விளக்கும் அதற்கு நேர் பின்னால் தொழிலாளர் குடியிருக்கும் ஒரு லயத்து விளக்கும் இருந்தால் இரவிலும் பார்க்கலாம். சிவனொளிபாத மலை சீசன் காலமென்றால், மலைப்பாதை விளக்குகள் தெரியும் இடத்தில் அதைவிட நல்ல அடையாளம் கிடையாது. கோடு பிரிந்தே நின்றுவிட்டால் நங்கூரம் இழுபடுகிறது என்று அர்த்தம். நான்கு பேரும் ஒரேயடியாகத் தூங்க வேண்டாம், முறைபோட்டு ஒருவர் விழித்திருங்கள். கயிற்றையும் ஆழத்தையும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பாருங்கள். மற்றவர்கள் கண்ணில் படும்படி ஒரு வெள்ளை விளக்கை உயரத்தில் எரியவிடுங்கள்.

குளிருக்காகத் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டு உள்ளே கரி அடுப்பு மட்டும் வைக்காதீர்கள். அந்தப் புகையில்லாத விஷவாயு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கம்பளி எடுத்துப் போங்கள். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றித் தலைக்கு வைக்காமல் போட்டுக்கொண்டே படுங்கள்.

வைகாசியிலிருந்து புரட்டாசி வரை, தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், இந்த எண்ணத்தையே விட்டுவிடுங்கள். அப்போது தண்ணீர் இறங்குவது பிரச்சினையாக இருக்காது. மேலே மலையில் கொட்டிய மழை ஓடை வழியே மரக்கட்டையும் சேறுமாக உங்கள் குடாவுக்குள்தான் வந்து விழும். சித்திரையில் மாலை இடி மின்னல் உண்டு. முழக்கம் கேட்டதும் கரைக்கு வந்துவிட வேண்டும்.

அனுமதிக்கு: உள்ளூர் மீனவர் சங்கத்திடமும் பொலிஸிலும் கேளுங்கள். அணைக்கட்டுக்கும் சுரங்க வாசலுக்கும் கிட்டப் போகவே கூடாது. சங்கத்தில் கேட்பதில் இன்னொரு பலனும் இருக்கிறது. அந்தி சாயும்போது குடாக்களின் வாயில் வலை கட்டுவார்கள், அன்றைக்கு எங்கே கட்டுகிறார்கள் என்று சொல்லிவிடுவார்கள். உங்கள் நங்கூரம் ஒரு வலையைக் கிழித்தால் ஒரு வீட்டில் அந்த வாரம் அடுப்பு எரிவது கஷ்டம். நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன், அதனால் கேட்டுக்கொள்கிறேன்.

குப்பையையும் மிச்சச் சாப்பாட்டையும் பையில் கட்டி வீட்டுக்கே கொண்டுபோங்கள். இந்தத் தண்ணீர் களனி கங்கையில் சேருகிறது. கொழும்புக்காரர்களின் குடிநீரில் பெரும்பகுதி அந்தக் கங்கையிலிருந்துதான் அம்பத்தலையில் எடுக்கப்படுகிறது.

காலையில் மூடுபனி இருந்தால் அவசரப்பட்டு நங்கூரம் தூக்க வேண்டாம். அந்த நேரத்தில்தான் வலைக்காரர்கள் விளக்கில்லாத சின்னப் படகுகளில் வருவார்கள். எதிர்க்கரைத் தேயிலை வரிசை கண்ணுக்குத் தெரிந்த பிறகு புறப்படுங்கள்.