கையால செய்ற பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு பாதி பணம் முன்னாடியே அனுப்பலாமா?

கேள்வி: அண்ணே வணக்கம், சிங்கப்பூர் ஈசூன்ல இருக்கேன். ரெண்டு வருஷமா லேப் ஸ்டீல், அதான் மடியில படுக்க வச்சு வாசிக்கிற கிட்டார், வாசிக்கிறேன், இப்ப காலால பெடல அமுக்கி ஸ்ருதிய மாத்துற பெடல் ஸ்டீல் மேல ஆசை வந்துருச்சு. இங்க கடைங்கள்ல கேட்டா கையை விரிக்கிறாங்க. அமெரிக்காவுல ஒருத்தர் தனி ஆளா கையால செஞ்சு தர்றாரு, சிங்கப்பூர் வெள்ளிக்கு 6,000 கிட்ட வருது, பாதி இப்பவே அனுப்பணுமாம், 10 மாசம் ஆகுமாம். அனுப்பலாமா? இங்க வந்தா வரி எவ்ளோ? ஏதாச்சும் ஆச்சுன்னா புகார் பண்ண வழி இருக்கா?

பதில்: தம்பி, அனுப்பலாம், ஆனா இன்னிக்கு வேணாம். பாதி பணம் கேக்குறது இந்த வேலையில சகஜம்தான், அதுக்காக ஆளை சந்தேகப்பட வேணாம். நான் சூடுபட்ட கதைய கேளுங்க. பொண்ணுக்கு ஊர்ல ஒரு வீணைக்கு சொன்னேன், ஒரே பலா மரத்துல குடைஞ்ச ஏகாண்ட வீணைதான் வேணும்னு போன்ல பேசி முழுப்பணமும் அனுப்பிட்டேன், ஏழு மாசம் கழிச்சு பெட்டிய பிரிச்சு குடத்துக்கும் தண்டிக்கும் நடுவுல நகத்தால தடவிப் பாக்குறேன், ஒட்டு தட்டுப்படுது. கேட்டா "நீங்க அப்படி சொல்லவே இல்லையே சார்"ங்குறாரு. எழுத்துல ஒண்ணும் இல்ல, என்னத்த பேசுறது?

பெடல் ஸ்டீல்ல இது இன்னும் மோசம், ஏன்னா ஆளுக்கு ஆள் பெடல் மாறும். ஈ9 டியூனிங்ல 10 ஸ்ட்ரிங், மூணு பெடல், நாலஞ்சு முழங்கால் லீவர், இதுதான் பொதுவான செட்டப். எந்த பெடல் எந்த ஸ்ட்ரிங்க எவ்ளோ ஏத்துது இறக்குதுன்னு போடுற சார்ட்டுக்கு கோபெடென்ட்னு பேரு. பணம் அனுப்புறதுக்கு முன்னாடி அந்த சார்ட்ட ஈமெயில்ல வாங்கி, நீங்க ஓகே சொன்னதும் ஈமெயில்லயே இருக்கணும். எம்மன்ஸ் செட்டப்பா டே செட்டப்பான்னும் கேளுங்க, எம்மன்ஸ்ல பெடல் இடமிருந்து வலமா ஏ பி சி, டேல அது அப்படியே தலைகீழ், பட்டி எம்மன்ஸ் ஜிம்மி டேன்னு ரெண்டு பெரிய கலைஞர்கள் பேர்ல வந்தது. இடது காலு ஒண்ணுல பழகிருச்சுன்னா மாத்துறது பெரும்பாடு.

அப்புறம் உங்க உடம்பு அளவு. நீங்க வழக்கமா வாசிக்கிற நாற்காலியில உக்காந்து தரையிலேந்து முழங்கால் மேல்பக்கம் வரைக்கும் டேப் வச்சு அளந்து அனுப்புங்க, ஷூவோட வாசிப்பீங்கன்னா ஷூவோட. லீவர் முட்டியில சரியா உக்காரலைன்னா அரை மணி நேரத்துல இடுப்பு விட்டுப்போகும், கஸ்டம்னு காசு குடுக்குறதே இதுக்குத்தானே.

இங்க நம்ம ஊரு ஈரப்பதம் சராசரியா 80 சதவீதத்துக்கு மேல. அதனால துரு பிடிக்காம இருக்க, அடியில ஓடுற புல் ராடு, அதான் பெடல அமுக்குனா இழுக்குற கம்பிங்க, எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலான்னு கேட்டு எழுதி வாங்குங்க. பாடிக்கு லாக்கர் பாலிஷ் அடிச்சா பளபளன்னு அழகா இருக்கும், ஆனா மைக்கா ஷீட் ஒட்டுனது கீறலுக்கு தாங்கும், என்கிட்ட கேட்டா மைக்காதான்.

மீதி பணம் குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு வீடியோ கேளுங்க, வெறும் பாட்டு வாசிச்சு காட்டுறது இல்ல. நாலாவது ஸ்ட்ரிங்க தட்டிட்டு டியூனர் தெரியுற மாதிரி ஏ, பி ரெண்டு பெடலையும் சேத்து அமுக்க சொல்லுங்க. அந்த ரெண்டும் நாலாவது ஸ்ட்ரிங்க தொடவே தொடாது, ஆனா இழுக்குற இழுவையில பாடி கொஞ்சம் வளைஞ்சு முள்ளு கீழ இறங்கும், கேபினட் டிராப்னு சொல்வாங்க. ரெண்டு மூணு சென்ட் (டியூனர் காட்டுற ஸ்ருதி அளவு, அரை ஸ்வரத்துல நூத்துல ஒரு பங்கு) இறங்குனா விட்டுருங்க, கண்ணுக்கே பளிச்சுனு தெரியுற மாதிரி இறங்குனா அத சரி பண்ணிட்டுதான் மீதி பணம்.

வரிக்கு வருவோம். இசைக்கருவிக்கு சுங்கத் தீர்வை கிடையாது, ஜிஎஸ்டி மட்டும் 9 சதவீதம், ஆனா பொருள் விலைக்கு மட்டும் இல்ல, அனுப்புற செலவு இன்சூரன்ஸ் எல்லாம் சேத்த மொத்தத்துக்கு. கிட்டார் 6,000 வெள்ளி, அனுப்ப 700ன்னு வச்சா 603 வெள்ளி வரும், கூரியர்காரங்க அவங்க சார்ஜும் மேல போடுவாங்க. "பில்லுல விலைய கொறைச்சு போட்டுடறேன்"னு செய்றவரே சொன்னாலும் வேணாம்னு சொல்லிருங்க, அது சட்டப்படி குத்தம், போற வழியில உடைஞ்சாலும் இன்சூரன்ஸ்ல அந்த கொறைச்ச தொகைதான் வரும்.

புகார் விஷயம்தான் கொஞ்சம் வருத்தம். இங்க உள்ள கடையில வாங்கிருந்தா பழுதான பொருளுக்கு லெமன் சட்டம்னு ஒண்ணு இருக்கு, ஆறு மாசத்துக்குள்ள பழுது தெரிஞ்சா வாங்கும்போதே இருந்ததா எடுத்துக்குவாங்க, சின்ன தொகை வழக்குக்கான ஸ்மால் கிளைம்ஸ் மன்றத்துல 20,000 வெள்ளி வரைக்கும் கேக்கலாம். கடல் தாண்டி ஒரு ஷெட்டுல உக்காந்து வேலை பாக்குற மனுஷனை அங்க இழுத்துட்டு வர்றதெல்லாம் நடக்குற காரியம் இல்ல. அதனால பேங்க் டிரான்ஸ்ஃபர் வேணாம், முடிஞ்சா கிரெடிட் கார்டு. பணத்த ரெண்டு தவணைக்கு பதிலா மூணா பிரிக்க முடியுமான்னு கேளுங்க, 30 சதவீதம் இப்ப, 40 சதவீதம் பாடி செஞ்சு சேஞ்சர் (ஸ்ட்ரிங்க ஏத்தி இறக்குற பாகம்) மாட்டுன போட்டோ வந்ததும், மீதி அந்த வீடியோவுக்கு அப்புறம். நல்ல ஆளா இருந்தா பேசுவாரு.

இன்னொண்ணு, ஆர்டர்லயே ஸ்ட்ரிங் செட்டு நாலஞ்சு சேத்து போட சொல்லுங்க, அதுல மூணாவது ஸ்ட்ரிங் ஜி ஷார்ப், 011 சைஸ், அது தனியா ஒரு டஜன், அதுதான் முதல்ல அறுந்துபோகும், ராத்திரி பத்து மணிக்கு ஈசூன்ல தேடுனா கிடைக்காது.