பதில்: மாதிரித் தேர்தலில் இலங்கைக்கு ஆசிய நாடுகள் மட்டும் வாக்களித்தால் போதுமா?

தம்பி, போதாது. மட்டக்களப்பில் உங்கள் உயர்தர வகுப்பு நடத்தும் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியப் பேரவைத் தேர்தலின் மாதிரி அமர்வில் பிள்ளைகள் பிழைவிடுவது இந்த இடத்தில்தான்.

இந்த ஒன்றியம் ஐ.நா.வின் சிறப்பு அமைப்புகளில் ஒன்று; அதன் ஆளும் குழுவான பேரவைக்கு 48 இடங்கள். அமெரிக்க நாடுகளுக்கு 9, மேற்கு ஐரோப்பாவுக்கு 8, கிழக்கு ஐரோப்பா வட ஆசியாவுக்கு 5, ஆப்பிரிக்காவுக்கு 13, ஆசியா அவுஸ்திரலேசியாவுக்கு 13. இடங்கள்தான் பிராந்தியவாரி. வாக்கு அப்படியில்லை. ஐந்து பிராந்தியத்துக்கும் எல்லா உறுப்பு நாடுகளும் இரகசியமாக வாக்களிக்கும். ஆகவே, இலங்கையாக நடிக்கும் பிள்ளை கென்யாவையும் பிரேசிலையும் தேடிப்போய்ப் பேச வேண்டும். "நீங்கள் எங்களுக்கு, நாங்கள் உங்களுக்கு" என்று நாடுகள் வாக்குப் பரிமாறுவது வழமை.

வாக்குச்சீட்டில் எங்கள் பிராந்தியத்துக்கு 13 பேருக்கு மேல் குறித்தால் அது செல்லாது. இதை வகுப்பில் முதலே சொல்லிவிடுங்கள். கூடிய வாக்குப் பெற்ற 13 நாடுகள் தெரிவாகும்.

போட்டியிடும் நாட்டின் விண்ணப்பம், தேர்தல் நடக்கும் மாநாடு தொடங்குவதற்கு 28 நாட்களுக்கு முன், ஜெனீவா நேரம் இரவு 11.59க்குள் போய்ச் சேர வேண்டும். இன்னொன்று: சந்தா நிலுவை முந்திய இரண்டு ஆண்டுகளின் தொகையை எட்டினால் வாக்குரிமை போய்விடும். ஒரு நாட்டுக்கு அந்த நிலையைக் கொடுத்துப் பாருங்கள், பேச்சுவார்த்தையே மாறும்.