மும்முனை லேத், ஒருமுனை வீடு

மும்முனை மோட்டார் உள்ள லேத்தை (கடைசல் இயந்திரம்) ஒருமுனை மின்சாரம் மட்டுமுள்ள வீட்டில் இணைத்தால் சுற்றாமல் உறுமுகிறது, மோட்டாரையே மாற்றவா, கடைக்காரர் சொன்னபடி கெப்பாசிட்டர் போடவா என்று கேட்டிருந்தீர்கள். மோட்டாரை மாற்ற வேண்டாம். ஒருமுனை 230 வோல்ட்டை வாங்கி மும்முனை 230 வோல்ட்டாகத் தரும் விஎஃப்டி (மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி மோட்டாரை ஓட்டும் கருவி) ஒன்று போதும். 1 எச்பி மோட்டாருக்கு 0.75 கிலோவாட் அளவு. வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். கடைக்காரர் சொன்ன கெப்பாசிட்டர் வழியிலும் சுற்றும்தான், ஆனால் வலு குறையும், சூடேறும்.

இப்போது சுற்றாமல் உறுமுவதற்குக் காரணம், ஒருமுனை மின்சாரத்தால் தானாகச் சுழலும் காந்தப்புலம் உருவாகாது என்பதே. அப்படியே விட்டால் காயில் கருகும்.

மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு மோட்டாரின் இணைப்புப் பெட்டியைத் திறந்து பாருங்கள். ஆறு திருகுகளில் ஒரு வரிசை மூன்றையும் பித்தளைத் தகடு இணைத்திருந்தால் அது ஸ்டார், அதாவது மூன்று காயில்களின் ஒருபக்க முனைகள் ஒரே முடிச்சில் சேர்ந்த இணைப்பு. விஎஃப்டி தருவது 230 வோல்ட்தான் என்பதால், தகடுகளைக் கழற்றி, எதிரெதிர்த் திருகுகளை இணைத்து டெல்டாவாக்க (காயில்கள் வளையம்போல ஒன்றையொன்று தொடரும் இணைப்பு) வேண்டும். மூன்றே கம்பிகள் வந்தால் ஸ்டார் முடிச்சு உள்ளே இருக்கலாம்; காயில் கட்டுபவரிடம் கொடுத்து வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

பெயர்ப்பலகையில் 415 வோல்ட் டெல்டா என்றிருந்தால் இந்த வழி உதவாது. லேத்தின் பழைய சுவிட்சை விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் வைக்காதீர்கள். ஓடும்போது அதைத் திருப்பினால் விஎஃப்டி போய்விடும். அணைத்த பின்னும் அதனுள் சில நிமிடங்கள் மின்னேற்றம் தங்கும், உடனே கை வைக்கக் கூடாது.