மறுப்பதை எழுதிக் கொடுங்கள், ஐயா!

கேள்வி: நாங்கள் சத்துணவு ஊழியர்கள். ஆட்சியர் அலுவலகம் முன்பாக ஒரு மணி நேரம் ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கேட்டோம். "144 அமலில் இருக்கிறது, அரசு அலுவலகத்திலிருந்து நூறு மீட்டருக்குள் கூடக் கூடாது, பஸ் நிலையம் பக்கம் போய்க்கொள்ளுங்கள்" என்று ஓர் அதிகாரி வாயாலேயே சொல்லி அனுப்பிவிட்டார். இது சட்டம்தானா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: அம்மா, அவர் சொன்ன ஒரே வாக்கியத்தில் மூன்று விஷயங்களைக் குழப்பியிருக்கிறார்.

முதலில் 144. இப்போது அந்த எண்ணே இல்லை. 2024 ஜூலை 1 முதல் அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 163ஆம் பிரிவு. எண் மாறினாலும் நம் வாயில் 144 என்றுதான் வரும், எனக்கும் அப்படித்தான். அதை ஓர் இன்ஸ்பெக்டர் நினைத்தவுடன் போட முடியாது. உங்கள் மாவட்டத்தில் ஆட்சியரோ கோட்டாட்சியரோ அவர்களைப் போன்ற நிர்வாக நடுவரோ காரணங்களை எழுதிக் கையெழுத்திட வேண்டும். சாதாரணமாக இரண்டு மாதங்களுக்கு மேல் அந்த உத்தரவு நிற்காது. நியாயமான கருத்தை அடக்குவதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது, அதே உத்தரவைத் திரும்பத் திரும்பப் போடுவது அதிகார துஷ்பிரயோகம் என்று 2020 ஜனவரியில் காஷ்மீர் இணைய முடக்க வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எனவே "உத்தரவு எண் என்ன, தேதி என்ன, நகல் கிடைக்குமா?" என்று கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அதோடு நின்றுவிடும்.

உங்கள் ஊரில் அமலில் இருப்பது பெரும்பாலும் 1861ஆம் ஆண்டுக் காவல் சட்டத்தின் 30(2) பிரிவாக இருக்கும். "கூட்டம் நடத்துகிறவர் முன்கூட்டியே உரிமம் வாங்க வேண்டும்" என்பதுதான் அதன் சாரம். கூடவே கூடாது என்று அது சொல்லவில்லை. இத்தனை மீட்டர் என்றும் அதில் எழுதவில்லை. அந்த நூறு மீட்டர் எங்கிருந்து வந்தது தெரியுமா? வாக்குச்சாவடிக்கு நூறு மீட்டருக்குள் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பது தேர்தல் சட்டம். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம் என்பது ஒலி மாசு விதி. எங்கோ காதில் விழுந்த எண்ணை அவர் ஆட்சியர் அலுவலகத்து வாசலில் ஒட்டிவிட்டார்.

ஆனால் சுற்றுச்சுவரை மறந்துவிடாதீர்கள். உள்ளே இருப்பது அரசின் இடம். அங்கே கூட்டம் போடுவது அடிப்படை உரிமையாகாது என்று 1969லேயே ஒரு ரயில்வே வழக்கில் தீர்ப்பாகிவிட்டது. வெளியே இருக்கும் சாலை வேறு. 1972இல் அகமதாபாத் வழக்கில், எந்த வரையறையும் இல்லாமல் அதிகாரி தன் இஷ்டத்துக்குக் கூட்டத்தை மறுக்க இடம் தந்த விதியை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஒழுங்குபடுத்தலாம், அடியோடு மூடக் கூடாது.

இன்னொன்று, மனுவில் என்ன சொல் போட்டீர்கள்? முற்றுகை, மறியல் என்று எழுதினால் மறுப்பை நீங்களே கேட்டு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். "கவன ஈர்ப்பு ஆர்ப்பாட்டம், காலை 11 முதல் 12 வரை, சாலையின் இடப்புறம், சுமார் 60 பேர், கையில் பிடிக்கும் ஒலிபெருக்கி ஒன்று" என்று எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். முடியாது என்றால், "எழுதிக் கொடுங்கள், ஐயா" என்று நின்றுவிடுங்கள். கையில் அந்தத் தாள் இருந்தால்தான் மதுரைக் கிளையில் ரிட் மனுவோடு என்னைப் போன்ற ஒருவரால் வாதாட முடியும். முப்பது வருடமாக மதுரை நீதிமன்றத்தில் இந்த ஒரு விஷயத்துக்காகத்தான் கட்சிக்காரர்களிடம் அதிகமாகக் கத்தியிருக்கிறேன்.

கேள்வி: எங்களைக் காலையில் கைது செய்து கல்யாண மண்டபத்தில் வைத்து மாலையில் விட்டார்கள். இதற்கு ஏதாவது சட்டம் உண்டா?
– வாசகர், சிவகாசி

பதில்: உண்டு. குற்றம் நடக்காமல் தடுப்பதற்கான கைது அது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 151ஆம் பிரிவு, இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 170. வேறு சட்டப்படி தேவை இருந்தாலொழிய 24 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. அந்த மண்டபங்களில் எத்தனையோ எலுமிச்சைச் சாதப் பொட்டலங்களை நானும் பிரித்திருக்கிறேன். ஒருமுறை முகூர்த்த நாளில் மண்டபம் கிடைக்காமல் எங்களை மதியமே விட்டுவிட்டார்கள்!

கேள்வி: மெரினாவில் கூடாது, கோட்டை பக்கம் கூடாது. அப்படியானால் சென்னையில் அரசின் காதில் விழுகிற தூரத்தில் எங்கே நிற்பது?
– கல்லூரி மாணவர், சென்னை

பதில்: சென்னைக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம் இருக்கிறது. அதன் 41ஆம் பிரிவில் ஆணையர் பதினைந்து நாள் தடை போடுவார், முடிந்ததும் அடுத்த பதினைந்து நாள். மெரினாவில் 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக நீங்கள் எல்லாம் கூடியதற்குப் பிறகு அரசுக்கு மணலைக் கண்டாலே பயம். 2018 ஏப்ரலில் காவிரிக்காக ஒரே ஒரு நாள் உண்ணாவிரதத்துக்கு உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் அனுமதித்தார். அரசு மேல்முறையீடு செய்து அதையும் நீக்க வைத்தது.

டெல்லிக் கதை கொஞ்சம் பரவாயில்லை. ஜந்தர் மந்தரில் போராட்டமே கூடாது என்று 2017 அக்டோபரில் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018 ஜூலை 23 அன்று உச்ச நீதிமன்றம், முழுத் தடை கூடாது, நெறிமுறைகள் வகுத்து அனுமதியுங்கள் என்றது. ஆனால் 2020 அக்டோபரில், குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்துச் சாலையில் உட்கார்ந்த ஷாஹீன் பாக் போராட்ட வழக்கில், பொதுவழியைக் காலவரையின்றி அடைத்து உட்காரக் கூடாது, ஒதுக்கிய இடத்தில்தான் போராட வேண்டும் என்றும் அதே நீதிமன்றம் சொன்னது. இடத்தை ஒதுக்குவது யார்? யாரை எதிர்த்துப் போராடுகிறோமோ அவர்களேதான். எனக்கு இது இன்னும் செரிக்கவில்லை.

கேள்வி: அமைதியாக நின்றதற்கு என் மேல் 143, 188 பிரிவுகளில் வழக்கு. ஆறு வருடமாகிவிட்டது. தானாகவே போய்விடுமா?
– வாசகர், கரூர்

பதில்: போகாது. பழைய தண்டனைச் சட்டத்தில் 143 சட்டவிரோதக் கூட்டத்தில் சேர்ந்த குற்றம், 188 அரசு ஊழியரின் உத்தரவை மீறிய குற்றம். சம்பந்தப்பட்ட அதிகாரி நீதிமன்றத்தில் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் 188ஐ விசாரணைக்கு எடுக்க முடியும். போலீஸ் தாமாக முதல் தகவல் அறிக்கை போட முடியாது என்று 2018 செப்டம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். அமைதியான ஆர்ப்பாட்டம் எல்லாம் சட்டவிரோதக் கூட்டமாகிவிடாது என்பதும் அதில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி, வழக்கை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தில் மனுப் போடுங்கள். முதல் தகவல் அறிக்கை நகலையும், குற்றப்பத்திரிகை வந்திருந்தால் அதையும் எடுத்துப்போங்கள்.

கேள்வி: நான் ஒருவன் மட்டும் பதாகையோடு நின்றால்?
– வாசகர், தேனி

பதில்: சட்டவிரோதக் கூட்டம் ஆக ஐந்து பேராவது வேண்டும். ஆனால் 163 உத்தரவைத் தனி ஆளுக்கு எதிராகவும் பிறப்பிக்கலாம். பதாகையில் எழுத்துப் பிழை இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.