மிகவும் பிடித்த, ஓய்வுபெற்ற விளையாட்டு வீரரை எதிர்பாராமல் பார்த்தால் போய்ப் பேசலாமா, தொந்தரவு என்று விட்டுவிடலாமா?

போய்ப் பேசுங்கள். நீங்கள் கேட்டிருக்கும் விதத்தைப் பார்த்தால், ஆளை எங்கேயோ பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்து, ராத்திரி தூக்கம் வராமல் இதை எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. அடுத்த முறை விடாதீர்கள்.

நான் சொல்லப்போவது கிரிக்கெட் இல்லை, கூடைப்பந்து. “இந்தியாவில் அதெல்லாம் யார் ஆடுகிறார்கள்” என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம். நம் ஆண்கள் அணி 1980இல் மாஸ்கோ ஒலிம்பிக்கில் ஆடியிருக்கிறது. பல நாடுகள் புறக்கணித்த போட்டி, நாம் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை என்பதெல்லாம் எனக்கும் தெரியும். பின்னூட்டத்தில் வந்து பாடம் எடுக்க வேண்டாம்.

காவேரிப்பட்டணம் தாண்டி சேலம் போகிற ரோட்டில் சீசனுக்கு என் மச்சான் மாம்பழக் கடை போடுவான். ஞாயிற்றுக்கிழமை நானும் போய் உட்காருவேன். அப்படி ஒரு மதியம் கார் ஒன்று வந்து நின்றது. நல்ல உயரமான மனிதர், அறுபதைத் தாண்டியிருக்கும், கதவைப் பிடித்துக்கொண்டு முட்டிக்கு வலிக்காமல் மெதுவாக இறங்கினார். பீத்தர் ரக மாம்பழம் ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கம் மோந்து பார்த்தார். அப்போதுதான் சுண்டுவிரலைக் கவனித்தேன். நடுக்கணுவில் வெளிப்பக்கம் வளைந்து, மற்ற விரல்களோடு ஒட்டாமல் தனியாக நின்றது. விரல் நுனியில் பந்து குத்திக் குத்தி அப்படி ஆகும். தருமபுரியில் காலேஜ் படித்தபோது டீமில் பெரும்பாலும் பெஞ்சைத் தேய்த்த எனக்கே மோதிர விரல் கொஞ்சம் கோணல்தான். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன். அவரேதான்.

பெயரைப் போட மாட்டேன். மனிதர் பாட்டுக்கு நிம்மதியாக இருக்கிறார். சென்னை வங்கி அணி ஒன்றின் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிறவர், என்பதோடு விடுகிறேன். 1990களின் ஆரம்பத்தில் கோடை விடுமுறைக்குப் பெரியகுளத்தில் சித்தப்பா வீட்டுக்குப் போவேன். அங்கே நடக்கும் அகில இந்தியப் போட்டியில் விளக்கு வெளிச்சத்தில் அவரைப் பார்த்திருக்கிறேன். ஃப்ரீ த்ரோவுக்கு (எதிரணி ஃபவுல் செய்தால் யாரும் தடுக்காமல் கூடையில் போடக் கிடைக்கும் வாய்ப்பு) நிற்கும்போது இரண்டு ஷூவின் அடியையும் உள்ளங்கையால் துடைப்பார். பந்தை ஒரே ஒரு தட்டு. கூட்டம் எவ்வளவு கத்தினாலும் அவசரமே பட மாட்டார். நானும் அதே மாதிரி ஷூவைத் துடைத்துப் பழகினேன். பந்து உள்ளே போகாது, அது வேறு விஷயம்.

“சார், பெரியகுளத்துல ரயில்வே டீமோட செமி ஃபைனல், நடுவுல கரண்ட் போய் ஆட்டம் நின்னுச்சே, கடைசியில ரெண்டு ஃப்ரீ த்ரோ போட்டீங்களே” என்றேன்.

கையிலிருந்த பழத்தைத் திரும்ப வைத்தார். “அதைப் பார்த்தியா தம்பி நீ? தோத்தோமே அதுல.”

“இல்ல சார், ஜெயிச்சீங்க.”

“ஒண்ணு வெளிய வந்துடுச்சுப்பா.”

“ரெண்டாவது உள்ள போச்சு சார்!”

ஆடியவரோடு பார்த்தவன் சண்டை போடுகிறான். மச்சான் என் காதில், “யாரு மாமா, சினிமாவா?” என்கிறான். இதை எப்படித் தீர்ப்பது சொல்லுங்கள்? 2016இல் அமெரிக்க வீரர் கோபி பிரையன்ட் தன் கடைசி ஆட்டத்தில் 60 புள்ளி அடித்ததை என் மகன் நினைத்தபோதெல்லாம் போனில் போட்டுப் பார்க்கிறான். இவர் பெயரைத் தேடிவிட்டு, “ஒண்ணுமே வரலையேப்பா” என்றான். வீடியோ கிடையாது, ஒரு ஹைலைட்ஸ்கூடக் கிடையாது. அந்தப் பந்து உள்ளே போனது என்பதற்கு அன்று காலரியில் உட்கார்ந்திருந்தவன் மட்டும்தான் சாட்சி. அதனால்தான் போய்ப் பேசுங்கள் என்கிறேன். தொந்தரவு என்று நினைத்து ஒதுங்குகிறீர்களே, அவருக்கு வேறு யாராலும் கொடுக்க முடியாத ஒன்று உங்களிடம் இருக்கலாம்.

அப்புறம் பழக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் காலத்தில் 20 நிமிடமாக இரண்டு பாதி, 2000க்கு அப்புறம்தான் பத்துப் பத்தாக நாலு. பந்தை 30 செகண்ட் வைத்திருக்கலாம், இப்போது 24தான். “இப்ப யோசிக்கவே விடறதில்ல” என்று அலுத்துக்கொண்டார். வெளியிலிருந்து போட்டால் மூன்று பாயிண்ட் கிடைக்கும் கோடு 6.25 மீட்டரில் இருந்தது, 2010இல் 6.75க்குத் தள்ளிவிட்டார்கள். அதில் மட்டும் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம் என்று நினைக்கிறேன். இப்போதைய பையன்கள் அங்கிருந்து சாதாரணமாகப் போடுவதைக் கையை வீசிக் காட்டினார்.

கிளம்பும்போது, “பெங்களூரா மாங்கா என்ன விலைக்குப் போவுது, விவசாயிக்கு ஏதாவது நிக்குதா?” என்று கேட்டார். கடைக்கு வருகிறவர்களில் இதைக் கேட்பவர் அபூர்வம். ஒன்றும் நிற்பதில்லை. காய்ப்பு அதிகமான வருஷம் மாங்கூழ் ஆலைக்காரர்கள் வைத்ததுதான் விலை. லோடு ஏற்றிக்கொண்டு போய் கேட் வாசலில் காத்துக் கிடக்க வேண்டும். பறிகூலிக்கே கட்டாது என்று மரத்தோடு விட்டவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். டப்பாவில் ஜூஸ் விலை குறைந்து யாராவது பார்த்திருக்கிறீர்களா? சரி, கேள்வி அது இல்லை.

சாப்பிடும்போது போகாதீர்கள், ஆஸ்பத்திரியில் பார்த்தால் பேசாதீர்கள். செல்ஃபியில் ஆரம்பிக்காதீர்கள். “உங்க பெரிய ரசிகன் சார்” என்பதை அவர் ஆயிரம் பேரிடம் கேட்டிருப்பார். எந்த ஆட்டம், எந்தப் பந்து என்று சொல்லுங்கள். முகத்தைப் பார்த்தாலே தொடரலாமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

போட்டோ மச்சான் எடுத்தான். இங்கே போடச் சொல்லிக் கேட்காதீர்கள். ஆனால் கரண்ட் போன அந்த செமி ஃபைனலைப் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால் ஸ்கோரை மட்டும் எழுதுங்கள். காசு கொடுக்கும்போதுகூட அவர் தோற்றோம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.