எடிட்டிங் படிக்க நினைக்கும் மகளுக்கு என்ன பதில் சொல்வது?

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிளஸ் 2-வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மகள், இன்ஜினியரிங் கவுன்சிலிங் வேண்டாம், சினிமா எடிட்டிங்தான் படிப்பேன் என்று நின்றால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். கடிதத்தோடு அவள் செய்த இரண்டு வீடியோக்களையும் அனுப்பினீர்களே, அது பெரிய உதவி. மதிப்பெண் பட்டியலைவிட அவைதான் எனக்கு அவளைப் பற்றி அதிகம் சொல்லின.

திருவிழா வீடியோவை விட்டுவிடலாம். மேளத்துக்கு ஏற்றபடி படபடவென்று வெட்டி ஒட்டியிருக்கிறாள். அவள் வயதில் பலரும் செய்வதுதான். ஆனால் பாட்டி முறுக்கு சுற்றும் வீடியோவை நான் நாலைந்து தடவை ஓட்டிப் பார்த்தேன். திரை இருட்டாக இருக்கும்போதே எண்ணெய் பொரியும் சத்தம் கேட்கிறது, அப்புறம்தான் அடுப்பு தெரிகிறது. நடுவில் ஒரு முறுக்கு சட்டியில் விழும்போதே உடைந்துவிடுகிறது. வேறு யாராவது என்றால் அந்த இடத்தை எடுத்தே எறிந்திருப்பார்கள். இவள் அதை வைத்திருக்கிறாள். உடைந்த முறுக்கு, பாட்டியின் முகம் ஒரு நொடி, அவர் சிரிக்க வாய் திறக்கிறார், அதற்குள் காட்சி மாறி மாவு பிசையும் கை வந்துவிடுகிறது. சிரிப்புச் சத்தம் மட்டும் அந்தக் கையின் மேல் தொடர்ந்து கேட்கிறது.

சத்தம் முந்தி வந்து படம் பிந்தி வருவதை எடிட்டிங் அறையில் ஜே-கட் என்பார்கள். படம் மாறிய பிறகும் பழைய சத்தம் நீள்வது எல்-கட். பெயர் தெரியாமலே உங்கள் மகள் இரண்டையும் செய்திருக்கிறாள். 40 நிமிடம் எடுத்ததை 2 நிமிடமாக்க மூன்று நாள் சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தாள் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. இந்த வேலைக்கு முதலில் வேண்டியது அந்த உட்காரல்தான்.

எடிட்டிங் என்றால் வேண்டாததை வெட்டும் வேலை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்பவர் சுமார் நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சோதனை செய்தார். ஒரு நடிகரின் சலனமில்லாத முகம், அடுத்து ஒரு சூப் கிண்ணம். அதே முகம், அடுத்து சவப்பெட்டியில் ஒரு குழந்தை. பார்த்தவர்களுக்கு முதலில் அவர் பசியோடு இருப்பதாகவும் அடுத்து துக்கத்தில் இருப்பதாகவும் தோன்றியது. முகம் மாறவே இல்லை, பக்கத்தில் வைத்தது மட்டும்தான் மாறியது. புரட்சிக்குப் பிந்தைய அந்த நாட்களில் பிலிமுக்கு அத்தனை தட்டுப்பாடு. அவருடைய மாணவர்கள் பழைய படச்சுருள்களைப் பிரித்து மாற்றி ஒட்டித்தான் தொழில் கற்றார்கள். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கற்றுக்கொள்ள விலையுயர்ந்த கருவிகள் வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

போன வருடம் ஒரு பையனை அவன் அப்பா அழைத்து வந்தார். ஆறு மாத எடிட்டிங் பயிற்சி என்று ஓரிடத்தில் கடன் வாங்கிப் பணம் கட்டியிருந்தார்கள். பையனுக்கு மென்பொருளின் ஷார்ட்கட் எல்லாம் மனப்பாடம். ஒரு காட்சியை ஏன் அங்கே முடித்தாய் என்று கேட்டால் பதில் இல்லை. அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் கேள்வியை அங்கே யாரும் அவனிடம் கேட்கவே இல்லை. டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பே தொடக்கத்துக்குத் தாராளம். பட்டன்களை உங்கள் மகள் ஒரு மாதத்தில் தானே கற்றுக்கொள்வாள்.

அப்படியானால் கல்லூரி எதற்கு? பிலிம் காலத்தில் ஒரு நிமிடப் படம் என்றால் 90 அடிச் சுருள். துண்டுகளைத் தேடி எடுத்துக் கொடுக்க அசிஸ்டென்ட், மூவியோலா என்ற எடிட்டிங் எந்திரத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். இயக்குநரும் எடிட்டரும் ஒரு ஷாட்டுக்காக வாதாடுவது முழுக்கக் காதில் விழும். தொழில் அப்படித்தான் கைமாறியது. 90-களில் ஆவிட் போன்ற கணினி முறை வந்த பிறகு அந்த நெருக்கம் குறைந்துவிட்டது. இன்றைக்குப் பல அசிஸ்டென்ட்கள் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து ரஷ் எனப்படும் மூலக் காட்சிகளைக் கணினியில் ஏற்றி, கிளாப் பலகை அடிக்கும் இடத்தைப் பார்த்து படத்தையும் ஒலியையும் பொருத்தி (சிங்க் செய்து), பெயரிட்டு அடுக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எடிட்டர் யோசிக்கும் நேரத்தில் அவர்கள் அறையில் இருப்பதில்லை. அந்த இழப்பை ஈடு செய்ய, அவள் வெட்டியதைப் பத்துப் பேர் பார்த்து ஏன் என்று கேட்கும் இடம் ஒன்று வேண்டும்.

அந்த இடம் சென்னையிலேயே இருக்கிறது. தரமணியில் உள்ள அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் எடிட்டிங்குக்கென்றே 4 ஆண்டுப் பட்டப்படிப்பு உண்டு. பிளஸ் 2 முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். அரசு நிறுவனம் என்பதால் கட்டணத்துக்காக நகையை அடகு வைக்கும் நிலை வராது. இடங்கள் குறைவு, ஆகவே கிடைக்காமலும் போகலாம். அப்படியானால் ஒரு நல்ல கல்லூரியில் விஸ்காம், அதாவது காட்சித் தொடர்பியல், சேரட்டும். பட்டம் முடிந்ததும் பூனாவில் உள்ள மத்திய அரசின் திரைப்படக் கல்லூரியான எஃப்.டி.ஐ.ஐ., கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனம் இரண்டுக்கும் நுழைவுத் தேர்வு எழுதலாம். எடிட்டிங்குக்கு அங்கே எந்தப் பாடத்தில் பட்டம் என்று பார்ப்பதில்லை. 'முதலில் பி.இ. முடிக்கட்டும்' என்று உங்கள் தம்பி சொல்வதில் விதிப்படி தவறில்லை. ஆனால் பிடிக்காத படிப்பில் அரியர் வைத்துக்கொண்டு நாலு வருடம் ஓட்டிய பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் சம்மதமில்லை.

'பெண் பிள்ளை' என்று எழுதி அடுத்த வரியை அடித்திருந்தீர்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் உலக சினிமாவில் பெண்கள் தொடக்கத்திலிருந்தே இருந்த இடம் இது. ஹாலிவுட்டின் எம்.ஜி.எம். ஸ்டூடியோவில் எடிட்டிங்கை மேற்பார்வை செய்தவர் மார்கரெட் பூத் என்ற பெண்மணி. நம் நாட்டில் ரேணு சலூஜாவும் பீனா பாலும் எடிட்டிங்குக்குத் தேசிய விருது வாங்கியவர்கள். இருவரும் பூனாவில் படித்தவர்கள். தமிழில் பெண் எடிட்டர்கள் இன்னும் குறைவுதான், அதை மறைக்க மாட்டேன். வேலை வடபழனி, சாலிகிராமம் பக்கம் அறைக்குள் நடக்கும். ரிலீஸ் நெருங்கினால் இரவு பகல் பார்க்க முடியாது. யாரிடம் சேர்கிறாள், அங்கே வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, இரவில் எப்படித் திரும்புவாள் என்பதை முதல் நாளே கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

சினிமாவில் நமக்கு ஆள் இல்லையே என்கிறீர்கள். ஆள் இருப்பது உதவும் என்பது உண்மைதான். எடிட்டர் லெனின் இயக்குநர் பீம்சிங்கின் மகன். எடிட்டர் ஸ்ரீகர் பிரசாத்தின் அப்பாவும் எடிட்டர். ஆனால் வகுப்பில் கூடப் படிப்பவர்களில் ஒருவர் இயக்குநராவார், ஒருவர் ஒளிப்பதிவாளராவார். ஆள் இல்லாதவர்களுக்கு அவர்கள்தான் ஆள்.

பணத்தைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். அசிஸ்டென்டாக இருக்கும் முதல் சில வருடங்கள் சம்பளம் சீராக வராது. படம் நின்றால் அதுவும் நிற்கும். அந்த வருடங்களில் சென்னை வாடகைக்கு வீட்டிலிருந்து உதவ முடியுமா என்று இப்போதே கணக்குப் போட்டு, அதை அவளிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். விளம்பரம், டிரெய்லர், ஓடிடி தொடர், ஆவணப்படம் என்று சினிமாவுக்கு வெளியேயும் எடிட்டருக்கு வேலை உண்டு. பலர் ஒரு கையில் அதை வைத்துக்கொண்டுதான் மறு கையில் படம் செய்கிறார்கள். ஏஐ வந்துவிட்டதே என்றும் கேட்டிருந்தீர்கள். பேச்சுக்கு நடுவே உள்ள மௌனங்களை நீக்குவது, வசனத்தை எழுத்தாக்கித் தேடுவது போன்றவற்றை இப்போதே மென்பொருள் செய்கிறது. அதை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்குக் கஷ்டம்தான். உடைந்த முறுக்கு இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது உங்கள் மகள்.

விண்ணப்பம் வரும்வரை அவளுக்கு ஒரு வேலை கொடுங்கள். அதே 40 நிமிடத்திலிருந்து பாட்டியின் தனிமை தெரியும்படி இன்னொரு 2 நிமிடம் செய்யட்டும். புதிதாக எதையும் எடுக்கக் கூடாது. முடித்ததும் நீங்களும் பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் உங்கள் கவனம் போனைத் தேடுகிறது என்று அவள் உங்களைக் கவனிக்கட்டும். பிறகு அதை எனக்கு அனுப்புங்கள், நேர்முகத் தேர்வில் என்ன பேசுவது என்று அவளோடு உட்கார்ந்து பார்க்கலாம். அப்புறம், போனில் இடமில்லை என்று மூலக் காட்சிகளை அவள் அழித்துவிடப் போகிறாள். அதற்கு முன் இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் தனித்தனியாகப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். அசிஸ்டென்டாகச் சேர்ந்த முதல் நாள் அவளுக்குக் கிடைக்கப்போகும் வேலையும் அதுதான்.