அயர்லாந்தின் ஷாம்ராக் ரோவர்ஸ் கால்பந்து கிளப் சொந்த மைதானமே இல்லாமல் இருந்ததா?

ஆமாம், 22 வருடம் அப்படித்தான் இருந்தது.

டப்ளினில் துறைமுகத்தை ஒட்டிய ரிங்ஸெண்ட் பகுதியில் பிறந்த கிளப் இது. அங்கிருந்த ஷாம்ராக் அவென்யூ என்ற தெருதான் பெயருக்குக் காரணம். பச்சை, வெள்ளைப் பட்டை போட்ட சட்டை இதன் அடையாளம். 1964 முதல் 1969 வரை தொடர்ந்து ஆறு முறை அயர்லாந்துக் கோப்பையை வென்றது. லீக் பட்டங்களோ 20-க்கும் மேல். அந்நாட்டில் வேறெந்த கிளப்பும் இத்தனை வென்றதில்லை.

1987-இல் வரிசையாக நான்காவது லீக் பட்டம் வென்ற அதே வருடம், உரிமையாளர்கள் கிளப் ஆடிவந்த மில்டவுன் மைதானத்தை விற்க முடிவு செய்தார்கள். ரசிகர்கள் எவ்வளவோ போராடியும் பலனில்லை. இன்று அங்கே நிற்பவை வீடுகள். அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது. அப்புறம் டோல்கா பார்க், டாலிமவுண்ட், சாண்ட்ரி என்று அடுத்தவர் மைதானங்களில் நாடோடி வாழ்க்கை. 2005-இல் கடனில் மூழ்கும் நிலை வந்தபோது ரசிகர்களே கிளப்பைக் கையில் எடுத்தார்கள். 2009-இல் ஒருவழியாக டாலா மைதானத்தில் குடியேறினார்கள்.

சரி, அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2011 ஆகஸ்டில் செர்பியத் தலைநகர் பெல்கிரேடில், அந்த ஊர் பார்ட்டிசான் அணியோடு மோதல். பின்தங்கியிருந்த நேரத்தில், பாட் சல்லிவன் தூரத்திலிருந்து பந்து தரை தொடும் முன்பே உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஸ்டீபன் ஓ'டானல் பெனால்டியில் வெற்றி கோல் அடித்தார். ஐரோப்பியப் போட்டியின் குழுச் சுற்றுக்குள் நுழைந்த முதல் அயர்லாந்து கிளப் என்ற பெருமை, ரசிகர்கள் காப்பாற்றிய அந்த அணிக்கே கிடைத்தது.